விருந்தாளிக்குத் தராத தண்ணீர்

தெற்குத்தெருவில் அன்று நான்கு நாற்காலிகள் இருந்தன. நான்கும் இரவல். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சைத்தூன் பீவியின் வீட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்தவை. கண்ணாடித் தம்ளர்களும் அவருடையவை. அந்தத் தெருவுக்கென்று சொந்தமாக இருந்தவை கூரைகளும், கூரைகளுக்கு அடியில் காய்ந்த வயிறுகளும், கம்பத்தில் பறந்த விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடியும்தான்.

விருந்தாளி கடல் கடந்து வருகிறார். ஐரோப்பிய நாடு ஒன்று தன் மக்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் கைப்பம்புகள் போட முன்வந்திருந்தது. இந்தப் பகுதிக்கு ஒன்றே ஒன்று. கேட்டிருந்த மூன்று தெருக்களில் எது அதிகம் தவிக்கிறதோ அந்தத் தெருவுக்கு. பார்த்து முடிவு சொல்ல வருபவர் ஹெல்கா என்னும் பெண் அதிகாரி.

தெற்குத்தெருவின் தவிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டி அளக்கச் சொல்லித் தெருக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் பஞ்சநதம் கூலியைக் கூட்டவில்லை. தெரு தண்ணீர் எடுத்துவந்த தம் குளத்துக்கு வேலி போட்டார். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. குளத்தின் படிக்கட்டில் மாறவில்லை. மேட்டூர் அணையை மூடி வாய்க்கால் காய்ந்த மாதம் அது. பெண்கள் மாடு புரளும் குட்டையில் முகந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தாகமே வேலைநிறுத்தத்தை முறித்துவிடும் என்று பஞ்சநதம் காத்திருந்தார். பம்பு வந்துவிட்டால் அவருடைய அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

இத்தனை துன்பத்தையும் அந்தத் தெரு என்ன செய்தது? பெருக்கி மறைத்தது. வீட்டுக்கு வருகிறவர் முன்னால் அழுக்காக நிற்பது அங்கே வழக்கமில்லை. சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். பெட்டிக்குள் கிடந்த கல்யாணப் புடவைகள் வெளியே வந்தன. சங்கத் தலைவர் ரெத்தினம் பேராவூரணிக்கு ஆள் அனுப்பி இளநீர்க் குலை வரவழைத்தார்.

"நாற்காலியில ஒரு கீறல் விழக் கூடாது. நாளைக்கு நான் பீவிம்மா மூஞ்சில முழிக்கணும்," என்று அவர் மனைவி அம்சவல்லி எல்லோரையும் விரட்டினாள். ஒருவரும் உட்காரவில்லை.

ஜீப் வந்தது. ஹெல்கா இறங்கினார், மொழிபெயர்க்க வந்த ஒன்றிய அலுவலர் குஞ்சிதபாதம் இறங்கினார், அழைக்காமலே பஞ்சநதமும் வந்து சேர்ந்தார். ஹெல்கா நாற்காலியில் அமர்ந்து இளநீர் குடித்தார். கோலத்தைப் பார்த்தார், புடவைகளைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் பஞ்சநதம் அலுவலரிடம். "நாற்காலி, கிளாசு, இளநி. எங்க வீட்டு மாப்பிள்ளைக்கே இந்த உபசாரம் இல்ல. இவங்களா ஏழை? கடைத்தெருவுல போடச் சொல்லுங்க, நாலு பேருக்குப் பயன்படும்."

"மாப்பிள்ளைக்கு இல்லேன்னா அது உங்க கஞ்சத்தனம்," என்றாள் கூட்டத்தில் நின்ற செவ்வந்தி. சிரிப்பு எழுந்து அடங்கியது.

ஹெல்கா ஏதோ சொன்னார். குஞ்சிதபாதம் தயங்கித் தயங்கித் தமிழாக்கினார்: "இதைவிட மோசமான வீடுங்களைப் பாத்துட்டு வந்திருக்காங்களாம். தப்பான இடத்துல கொடுத்தா அவங்க நாட்டுல கேள்வி கேப்பாங்களாம். இங்க அவ்வளவு அவசரம் தெரியலைங்கிறாங்க."

"கிழிசலைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கணுமோ?" என்றார் ரெத்தினம், யாரிடமும் அல்லாமல்.

அம்சவல்லி குடிசைக்குள் போனாள். திரும்பியபோது இரவல் தம்ளரில் குட்டைத் தண்ணீர் இருந்தது. பழுப்பு நிறம், அடியில் ஒரு புழு நெளிந்தது. ஹெல்கா மரியாதைக்காக வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். அம்சவல்லி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"குடிக்காதீங்க. விருந்தாளிக்குக் கொடுக்குற தண்ணி இல்ல இது. எங்க புள்ளைங்க குடிக்கிறது. அதனாலதான் இளநி வெட்டினோம். சார், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. நாற்காலி இரவல், கிளாசும் இரவல். தண்ணி மட்டுந்தான் எங்களது. முன்னே வெளிநாட்டுக் கோதுமை வந்துச்சு; அவங்ககிட்ட மிஞ்சினதால வந்துச்சு. இப்ப பம்பு, யாரு நல்லா அழுது காட்டுறாங்களோ அவங்களுக்கா? கொடுக்குறவங்க கண்ணுக்குத் தெரியுற மாதிரி எளைச்சு நிக்க எங்களுக்குத் தெரியலைங்க."

குஞ்சிதபாதம் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

உதவி என்பது தருகிறவரின் கண்ணை மட்டும் நம்பி நடக்குமானால், மானமுள்ளவர்கள் என்றைக்கும் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள். ஹெல்கா தம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து குட்டை வரை நடந்தார். வேலிக்கு அப்பால் குளம் தெளிந்து கிடந்தது. அது யாருடையது என்று கேட்டார்.

"அது ஊர் விவகாரம்," என்றார் பஞ்சநதம்.

"இவருடையதுதான்," என்று மொழிபெயர்த்தார் குஞ்சிதபாதம். பிறகு ஹெல்காவின் பதிலைத் தெருவுக்குச் சொன்னார்: "வீட்டைப் பாக்கச் சொல்லித்தான் அனுப்பினாங்களாம். தண்ணியைப் பாத்திருக்கணும்கிறாங்க. மத்த ரெண்டு தெருவுக்கும் மறுபடி போய், குடிக்கத் தண்ணி கேட்டுப் பாத்துட்டு வந்து முடிவு சொல்லுவாங்க. அதுதான் ஞாயம்கிறாங்க."

ஜீப் போனது. தெரு காத்திருந்தது. யாரும் சமைக்கவில்லை.

பொழுது சாயும்போது ஜீப் திரும்பியது. குஞ்சிதபாதம் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "அங்க கூரைதான் மோசம். கிணத்துத் தண்ணி கற்கண்டு. பம்பு இங்கதான். திங்கக்கிழமை துளை போடுற ரிக் வண்டி வருது."

மேடை ஏறினால் இறங்காத ரெத்தினம் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு "திங்கக்கிழமை" என்று மட்டும் சொன்னார். செவ்வந்தி தன் பிள்ளையைத் தூக்கி முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

நாற்காலிகளை எடுத்துப் போக சைத்தூன் பீவி வண்டியோடு வந்தபோது அம்சவல்லி அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கீறல் இல்ல பீவிம்மா, பாத்துக்குங்க."

"அது கெடக்கட்டும். பம்பு வருதா?"

"வருதும்மா."

"அப்புறம் ஏன் நிக்கிறே? காலையிலேருந்து நிக்கிறது முகத்துலயே தெரியுது. உக்காரு."

அம்சவல்லி புடவையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். செவ்வந்தி பக்கத்து நாற்காலியைப் பிடித்தாள். மற்ற இரண்டுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிச்சமிருந்த இளநீரை ரெத்தினம் சைத்தூன் பீவிக்கு வெட்டிக் கொடுத்தார். வண்டிக்காரர் அவசரமில்லை என்று கண்டு மாட்டை அவிழ்த்துவிட்டார்.