நான்காவது பெட்டி

எனக்கு அவசரக்குடுக்கை என்று பேர் வைத்தவள் அக்கா. பட்டறையும் அவளுடையதுதான். விதை போடும் காகித உறைகள் செய்கிறோம். உள்ளே இருக்கும் விதை தெரிய முன்பக்கத்தில் ஒரு ஜன்னல். போன மாதம் வரை அது பிளாஸ்டிக். இப்போது மண்ணில் மக்கிப்போகும் கண்ணாடித்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வாயருகே வைத்து ஊதினால் தாள் நெளியும். பிளாஸ்டிக்கில் வெறும் ஆவி படியும். அதனால் சுருளை இயந்திரத்தில் மாட்டுமுன் ஒரு துண்டு கிழித்து ஊத வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

நேற்று நான் ஊதவில்லை. மூலையில் கிடந்த பழைய சுருளை மாட்டித் தொலைத்தேன்.

காலையில் ஓர் உறையை ஊதிப் பார்த்த அக்கா அலறிவிட்டாள். பதினொரு மணிக்கு விதைக் கம்பெனி அதிகாரி வருகிறார். ஒரு பிளாஸ்டிக் உறை சிக்கினாலும் ஆர்டர் போச்சு. அது போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். பெட்டிகளை இழுத்துப் போட்டு, பெட்டிக்கு ஓர் உறையாக ஊதினோம். மூன்று பெட்டிகள் அகப்பட்டன.

“மிச்சச் சுருள்தானே, இவ்ளோதான் வந்திருக்கும்,” என்று மூன்றையும் பின்னறையில் வைத்துப் பூட்டினாள் அக்கா.

அதிகாரி வந்தார். நாலைந்து பெட்டிகளில் கைவிட்டு எடுத்தார், ஊதினார், தலையாட்டினார். சரக்கை ஏற்றுக்கொள்ளும் முத்திரையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. ஒரு முழுச் சுருளுக்கு நான்கு பெட்டி. நான் மாட்டியது முழுச் சுருள். பிரிக்காத சுருளின் கட்டை அவிழ்த்தவளே நான்தான். அப்படியானால் நான்காவது எங்கே?

காலை முழுக்க அக்கா எந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து ஊதினாளோ, அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதை யாரும் திறக்கவே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் மக்கிப்போகும் என்று நம்பி யாரோ அந்த உறையை மண்ணில் புதைப்பார்களே! அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“சார், அந்தப் பெட்டியையும் பாருங்க.”

ஊதினார். ஆவி படிந்தது. முத்திரை மேசைக்குத் திரும்பியது.

“மாட்டினது நான்தான் சார். உள்ள இன்னும் மூணு பெட்டி பூட்டி வச்சிருக்கோம்.”

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “எல்லாத்தையும் பிரிங்க. பெட்டிக்குப் பத்து உறை, என் கண்ணு முன்னாடி ஊதுங்க.”

உதடு வெடிக்கும்வரை ஊதினோம். வேறு பிளாஸ்டிக் இல்லை. நாலு மணிக்கு, அந்த நான்கு போக மீதி முப்பத்தாறு பெட்டிகளுக்கு முத்திரை விழுந்தது.

அவர் போனதும் அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். இனி என்னை இயந்திரத்தைத் தொட விடமாட்டாள் என்றே நினைத்தேன். புதுச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்தாள். ஒரு துண்டு கிழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“ஊதுடி.”

ஊதினேன். உதடு எரிந்தது. தாள் நெளிந்தது.

“மாட்டு,” என்றாள்.