ஓய்வு பெறாதவளுக்கு ஒரு வழியனுப்பு விழா

1

இதனால் செர்பிய தேசத்தார்க்கும், டென்னிஸ் அபிமானிகளுக்கும், ஈரேழு பதினாலு உலகத்தார்க்கும் பேருவகையுடன் அறிவிப்பது என்னவென்றால்: நம் மண்ணின் வீராங்கனை நெவெனா ஸ்டோய்கோவிச் வருகிற சனிக்கிழமை காலை ஆட்ட வாழ்விலிருந்து ஓய்வு பெறுகிறார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டம் கட்டி வந்த இந்தச் செய்தியிலிருந்துதான் கதை பிறந்தது. நெவெனாவும் இதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடமாக இங்கேதான் ரொட்டி வாங்குகிறேன். இனியும் வாங்க வேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செம்மண் ஆடுகளத்தில் அந்தியின் பொன்னொளி படர, நெவெனாவின் விழியோரம்..."

அடித்துவிட்டேன். அவள் விழியோரம் எதுவும் இல்லை. வலது முழங்காலில் இரண்டு தழும்பு, வயது முப்பத்தொன்று, உலகத் தரவரிசையில் இருநூற்றுச் சொச்சம். சொந்த ஊர்ப் போட்டியில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் பாரிஸ் தகுதிச் சுற்றுக்குள் நுழையலாம். இல்லாவிட்டால் இந்த வருடம் பாரிஸ் கிடையாது. அந்த ஊர்ப் போட்டியில் தகுதிச் சுற்று ஆடாமல் நேரே இறங்க வைல்ட் கார்டு தருவதாக ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்தவர் ரதிசாவ், ஊர் டென்னிஸ் சங்கத் தலைவர்.

அந்தக் கார்டு இப்போது போட்டியின் புரவலரான சிமெண்ட் வியாபாரியின் மகளுக்குப் போய்விட்டது. நெவெனாவுக்கு ஏன் இல்லை என்று நாலு பேர் கேட்பார்களே? ஓய்வு பெற்றவளுக்கு எதற்குக் கார்டு!

3

(அடைப்புக்குறிக்குள் ஒரு சேதி. ரதிசாவ், நெவெனாவின் அப்பா மிலோயேவுக்குக் கூம். அதாவது அவர் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். ஞானஸ்நானத்தில் நெவெனாவைக் கையில் ஏந்தியவர். இங்கே அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்ளலாம், கூமின் பேச்சைத் தட்டக் கூடாது. தட்டினால் வீடு விளங்காது.)

கூம் வந்தார், பிளம் சாராயம் குடித்தார், விழா எடுக்கலாமா என்றார். மிலோயே தலையாட்டிவிட்டார்.

நெவெனா பத்திரிகையைச் சமையலறை மேஜையில் போட்டாள்.

"என்னைக் கேட்டீங்களாப்பா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? விழாவே உனக்குத்தானே."

"நான் இன்னும் ஆடிட்டிருக்கேன்."

"கூம் வாய்விட்டுக் கேக்குறப்ப எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது? நீயே சொல்லு."

"சரி, நானே சொல்றேன்."

[இந்த மிலோயேவை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டைக் காரில் மகளை ஹங்கேரி வரை ஓட்டிக்கொண்டு போனவர். எந்த நடுவரையும் சும்மா விட்டதில்லை. அந்த மனுஷன் ஒரு கிளாஸ் சாராயத்துக்கு அவளை ஒப்படைத்துவிட்டார். கோழை என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். இருக்கட்டும்.]

4

சனிக்கிழமை. மேயர், பாதிரியார், பித்தளை வாத்தியக் குழு. ரதிசாவ் பதினேழு நிமிடம் பேசினார். அதில் பதினொன்று தன்னைப் பற்றி. பிறகு சட்டம் போட்ட படம் ஒன்றை நீட்டினார். படத்தில் இருந்தவளுக்கு வயது பதினாறு.

நெவெனா ஆட்ட உடையில், தோளில் பையோடு வந்திருந்தாள். மைக்கை வாங்கினாள்.

"கூமே, படத்துக்கு நன்றி. நான் ஓய்வு பெறலை. இன்னும் இருபது நிமிஷத்துல மூணாம் கோர்ட்ல எனக்குத் தகுதிச் சுற்று. என் பேரை நானே கொடுத்திருக்கேன். கார்டு யாருக்குப் போச்சுன்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லிடுங்க. நான் சொன்னா எங்க வீட்டுக்கு ஆகாதாம்."

வாத்தியக் குழுவுக்கு யாரும் சைகை காட்டவில்லை. பயத்தில் அதுவாகவே வாசித்தது.

5

முடிவு அ: மிலோயே எழுந்து கூமின் சட்டையைப் பிடிக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் மனுஷன் கூமின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

முடிவு ஆ: சிமெண்ட் வியாபாரியின் மகள் வெட்கப்பட்டுக் கார்டைத் திருப்பித் தருகிறாள். இதை எழுதக் கை கூசாதவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முடிவு இ: நெவெனா தகுதிச் சுற்றில் எல்லாரையும் துவைத்து, பாரிஸ் போய்... பாதி எழுதும்போதே கோபம் வந்துவிட்டது. தன் வேலையை எப்போது விடுவது என்று ஒருத்தி தானே முடிவு செய்ய, முதலில் அவள் ஜெயித்துக் காட்ட வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது? தோற்கிற உரிமை அந்த மேயருக்கு உண்டு, சங்கத் தலைவருக்கு உண்டு, இருபது வருடமாக விற்காத கதை எழுதும் எனக்கு உண்டு. அவளுக்கு மட்டும் பூங்கொத்தா?

ஜெயித்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே ஜெயிக்க வையுங்கள். என்னால் ஆகாது.

மூன்றாம் கோர்ட்டில் அவள் 4-6, 2-6 என்று தோற்றாள்.