தலைமாட்டுப் பலகை

அக்கா புருஷன் அந்தப் பழைய கேம்பர் வேனை அவளுடைய ஒர்க்ஷாப் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவருக்கு முன்னால் நாற்றம் இறங்கியது. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற, அவள் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி. வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தது. உள்ளே அக்கா தைத்துக் கொடுத்த பூப்போட்ட திரைகள். வண்டி எலக்ட்ரீஷியனான அவளுக்கு மூக்குதான் முதல் டெஸ்டர். எலி மூத்திரமும் கருகிய ரப்பரும் கலந்த வாடை அது.

அத்தான் பன்னைக் கடித்துக்கொண்டே குறைகளைச் சொன்னார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறதாம். ஹாரன் அடித்தால் உள்விளக்கு மங்குகிறதாம். எல்லாம் சின்ன விஷயம், கையோடு முடித்துவிடலாம் என்றார். அவர் வாயில் எதுவுமே பெரிய விஷயமாக இருந்ததில்லை. கூடவே வந்த அக்கா வாசலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தாள். பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருவேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. திரும்பிப் போக வழியில்லாமல் கரண்ட், கிடைத்த விளக்கிலெல்லாம் புகுந்து புறப்பட்டிருக்கிறது. பட்டையை மாற்றியதும் பிரேக்கும் இண்டிகேட்டரும் அதது வேலையைப் பார்த்தன. அத்தான் கிளம்பத் தயாரானார். அவளைத்தான் அந்த வாடை விடவில்லை.

படுக்கையின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினாள். பின்னால் ஒரு குடித்தனமே நடந்திருந்தது. பஞ்சும் காகிதமும் வயர்த் தோலும் சேர்த்துக் கட்டிய கூடு. நடுவே காய்ந்து வற்றலான குஞ்சுகள். தாய் எலி ஒரு வயரைக் கவ்வியபடியே செத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கையுறையோடு பிடித்து இழுத்தால் தோல் மட்டும் வந்தது. அவள் ஓடிப்போய்க் குழாயடியில் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது அத்தான் பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டு, விரல்களை நக்கிக்கொண்டிருந்தார். எலியைக்கூடப் பார்க்க முடிந்தது, அதைப் பார்க்க முடியவில்லை.

கூட்டை அள்ளிப் போட்ட பிறகுதான் அசல் அசிங்கம் தெரிந்தது. எலி கடித்த இடமெல்லாம் புத்தம்புது நீல டேப். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆணி. பலகையின் உள்பக்கம் அடிப்பிடித்த பாத்திரம்போலக் கருகிக் கிடந்தது.

"இந்த டேப்ப யாரு சுத்துனது?"

"பழைய ஓனரா இருக்கும்."

"பசைகூட இன்னும் காயலையே, அத்தான்."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். நாளைக்கு ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து வண்டியை விலைக்கு வாங்கிப் போகிறார்களாம். அவர்கள் பார்க்கும்போது விளக்கு எரிந்தால் போதும், பலகையை மூடிவிடு, அப்புறம் அவர்கள் பாடு என்றார்.

"குழந்தைய எங்க படுக்க வைப்பாங்க?" என்று வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

 தங்கை பலகையை இருந்த இடத்தில் சாத்தி, படுக்கையைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கதான்க்கா. அத்தான், நீங்க ஒரு தடவ படுத்துக் காட்டுங்க."

ஒன்றுமில்லை என்று நிரூபிக்க அவரும் படுத்தார். அவள் ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணி மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பாட்டரி சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கால்மேல் கால் போட்டுச் சீட்டியடித்தார். சீட்டி பாதியில் நின்றது. பலகை இடுக்கிலிருந்து புகை நூல்போலக் கிளம்பியது. அவர் துள்ளியெழுந்ததில் மேல் அலமாரியில் தலை இடித்தது. அதற்குள் அவள் சுவிட்சை அணைத்திருந்தாள். எலிமுடி கருகிய நாற்றம் அவர் தலையிலும் சட்டையிலும் ஏறியிருந்தது. துப்பித் துப்பி வாய் வறண்ட பிறகும், "கொஞ்சூண்டு புகைதானே" என்றார்.

அவள் கட்டிங் பிளேயரை எடுத்து, வயர்க் கொத்தை முன்னாலிருந்து பின்னால்வரை வெட்டி உருவித் தரையில் போட்டாள். இனி அந்த வண்டியில் ஒரு விளக்கும் எரியாது. அத்தான் குதித்தார், சொந்தபந்தம் பேசினார், கடைசியில் உன் தங்கச்சியை என்னவென்று கேள் என்று அக்காவை ஏவினார். அக்கா எழுந்து உள்ளே வந்தாள். தான் தைத்த திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, எல்லாவற்றையும் வயர்க் குவியல்மேல் போட்டாள்.

"புதுசா வயரிங் பண்ணு. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

சொன்னபடியே மறுநாள் அக்காதான் பேசினாள். ஆணியைக் கையில் எடுத்துக் காட்டினாள். வண்டி வாங்க வந்த பெண் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அத்தானைப் பார்த்த அதே பார்வையை அக்கா, தங்கை இருவர்மேலும் போட்டுவிட்டு, புருஷனோடு திரும்பிப் போனாள்.

தங்கை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி முகர்ந்து பார்த்தாள். நாற்றம் போகவில்லை. இன்னொரு தடவை கழுவிவிட்டு, வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.