பாதி போன ரிப்போர்ட்

வைஜயந்திக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. கோந்த்வா பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்காக அவள் ஜாவாவில் எழுதிய சர்வ்லெட், அதாவது சர்வரில் ஓடும் புரோகிராம், நோயாளியின் எண்ணைக் கொடுத்தால் ரிப்போர்ட்டைக் காட்டும். பாஸ்வேர்டு தவறென்றால் ‘அனுமதி இல்லை’ என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடும்.

ஆனால் அவசரத்தில் ஒரு சோம்பேறித்தனம் செய்திருந்தாள். ரிப்போர்ட்டை முதலில் எழுதிவிட்டு, பாஸ்வேர்டைக் கடைசியில்தான் சரிபார்த்தாள். எழுதுவது உடனே வெளியே போகாது, பஃபர் என்ற தற்காலிக இடத்தில் தங்கும், திருப்பிவிட்டால் அழிந்துவிடும். சமையற்கட்டில் இருக்கும்வரை எதையும் மாற்றிக்கொள்ளலாம், அந்தக் கதைதான். சோதித்துப் பார்த்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் சின்னவை. எதுவும் கசியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் தன் மார்பில் வந்த கட்டியையும் அங்கேயே காட்டினாள். கணவன் அச்சுதனிடம் சொல்லவில்லை. போன வருஷம் மார்புப் புற்றுநோய்க்கு அக்காவைப் பறிகொடுத்தவன். இன்னும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. முடிவைப் பார்த்த பிறகும் அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சர்வரின் பிழைப் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது. பதில் ஏற்கெனவே போய்விட்டது, இனித் திருப்பிவிட முடியாது என்றது. நீளமான ரிப்போர்ட், பஃபர் நிரம்பித் தானாகவே வெளியே போயிருக்கிறது. இலையில் விழுந்ததை யார் திரும்ப எடுப்பது? யாருடையது என்று பார்த்தாள். அவளுடைய எண்.

ஆஸ்பத்திரியில் நிக்டி வீட்டு ஃபோன் நம்பரைக் கொடுத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. மேசைப் போன் அடித்தது. எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

“நீ கிளம்பினப்பறம் ஆஸ்பத்திரிலேர்ந்து ஆத்துக்கு ஃபோன் பண்ணினா, வைஜு,” என்றான் அச்சுதன்.

டாக்டரை உடனே வந்து பார்க்கச் சொல்லி அவளுடைய நோயாளி எண்ணும் கொடுத்தார்களாம். தன் தேஹு ரோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, பாஸ்வேர்டுக்கு வாய்க்கு வந்ததைத் தட்டினானாம். ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சதை என்று பக்கம் பக்கமாக வந்ததாம்.

“முடிவுன்னு போட்டிருக்கு. அதோட நின்னுடுத்து.”

கடைசித் துண்டு மட்டும் பஃபரிலேயே தங்கிவிட்டது. இப்போதுகூட ஒரு பொய் சொல்லிவிடலாம்.

“ஒண்ணுமில்லேன்னுதானே இருக்கும்?” என்றான்.

“நான் ஆத்துக்குக் கிளம்பறேன்,” என்றாள் வைஜயந்தி. “நீங்களும் வந்துடுங்கோ.”

அவன் நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம் ஃபோனில் கேட்டது.