மீதி வந்த ஐந்து கைத்தடிகள்

முதியோர் முகாமுக்கு நாற்பது நாற்காலி வேண்டும் என்று மையத்தின் பொறுப்பாளர் ராஜாம்பாள் மேடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். மையத்தில் இருந்தவை பதினெட்டு. மீதி இருபத்திரண்டு நாற்காலிகள் வாடகைக்கு வந்து வாசலில் அடுக்காக நின்றன. காலை ஏழு மணிக்கு வந்த சாமியம்மாள் அவற்றை இரண்டிரண்டாகத் தூக்கிப் போய்க் கூடத்தில் போட்டாள். மூன்றாவது நடையில் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள். யாராவது பார்த்து ஏன் என்று கேட்கக்கூடாது என்று மறுகையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டாள்.

சுரங்க டவுன்ஷிப்பில் ஓர் அறக்கட்டளை நடத்திய பகல் பராமரிப்பு மையம் அது. சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை, அவர்கள் மனைவிகளை, பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது கொண்டுவந்து விடுவார்கள். ஐந்தரைக்கு வந்து அழைத்துப் போவார்கள். மொத்தம் பதினாறு பேர். அவர்களைக் குளிப்பாட்ட, கழிவறைக்குக் கூட்டிப்போக, சோறு ஊட்ட இரண்டு பெண்கள்: புஷ்பவல்லி, சாமியம்மாள். புஷ்பவல்லிக்கு முப்பத்தைந்து. மையத்தின் பதிவேட்டுக் கணக்கில் சாமியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மந்தாரக்குப்பத்துக் கடையில் பத்து ரூபாய்க்குச் சாயப் பொட்டலம் வாங்கி அவள் தலைக்குப் பூசிக்கொள்வாள். முகாம் என்றதும் நேற்று மாலை பூசவில்லை. காதோரம் வெள்ளை தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் விட்டிருந்தாள்.

அதற்குக் காரணம் வேணு. சுரங்கத்தில் புல்டோசர் ஓட்டி, 2010இல் அறுபது முடிந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காதும் மந்தம். அதனால் எதையும் இயந்திரத்துக்கு மேலே பேசுவதுபோல உரக்கத்தான் பேசுவார். அவரும் சாமியம்மாளும் ஒரே ஊர். சிறுவேம்பூர். ஊர் இருந்த இடம் இப்போது சுரங்கத்தின் குழிக்குள் வெறும் காற்று. வேணு வீட்டில் நிலம் இருந்தது. நிலத்தை எடுத்தபோது அவருக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. சாமியம்மாள் வீட்டில் அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை குளியலறையில் அவரைத் தாங்கி எழுப்பும்போது அவள் முழங்கால் மடங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையில் அவருடைய முழு எடையும் இருந்தது. ஒரு நிமிடம் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"காலு போச்சா?" என்றார் வேணு.

"ஈரம்ங்க ஐயா. வழுக்கிடுச்சு."

"எங்க ஈரம்? தர காஞ்சிகினு கெடக்குது."

அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஏன் சாமியம்மா, நீயும் நானும் ஒரு வயசு. நான் உக்காந்துகினு இருக்கேன், நீ என்னத் தூக்கிக்கினு இருக்க. முதியோர் பென்சனுக்கு எழுதிப் போட்டா என்ன?"

"கார்டுல வயசு கம்மியா இருக்குதுங்க."

"அடுத்த வாரம் இங்கயே கேம்ப் போடறான். கேளு. வாயத் தொறந்து கேட்டாத்தான் ஆவும்."

அந்த ஒரு வாரமும் அவள் யோசித்தாள். சிவந்து வீங்கிய முழங்காலை இரவில் தடவிக்கொண்டே யோசித்தாள். மகள் எழில்மதி காடாம்புலியூரில் முந்திரி உடைக்கப் போகிறாள். கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பென்சன் வந்தால் ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிட்டுக்கொள்ளலாம், வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மேடம் அலுவலக அறைக்குள் போகும் நேரம் பார்த்து, மெதுவாக, ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

பத்து மணிக்கு அரசு அதிகாரிகளின் ஜீப் வந்தது. பின்னால் ஒரு வேனில் மருத்துவர், கண் பரிசோதனைக் கருவி, கட்டுக் கட்டாகக் கைத்தடிகள். கைத்தடி வாங்க முப்பத்தைந்து பேர் பட்டியல். மையத்தில் இருப்பவர்கள் போக, சுற்றியிருந்த பிளாக்குகளிலிருந்தும் முதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பதுதான் தேறியது. முன்வரிசையில் நடுவே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. போட்டோ எடுக்க வந்தவர் காமிராவை இறக்கினார்.

"சார், நடுவுல பல்லு வுழுந்த மாதிரி இருக்கு. யாரையாச்சும் உக்கார வைங்க."

"அந்த ஆயாவ வைங்களேன்" என்றார் ஓர் அதிகாரி. தேநீர்த் தட்டோடு நின்ற சாமியம்மாளைத்தான் காட்டினார்.

தட்டைப் புஷ்பவல்லி வாங்கிக்கொண்டாள். யாரோ ஒரு கைத்தடியைக் கொண்டுவந்து சாமியம்மாள் கையில் கொடுத்தார்கள். பிடியைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் உறை இருந்தது. அவள் அதை ஊன்றியபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலில் இருந்த கனம் கைக்கு வந்ததுபோல இருந்தது.

"நல்லாப் புடி அக்கா, பொண்ணு பாக்க வந்தாப்ல நெளியாத" என்றாள் புஷ்பவல்லி.

"போடி அந்தாண்ட."

"ஆயா, சிரிக்காதீங்க. வயசானவங்க மாதிரி இருங்க" என்றார் போட்டோக்காரர். கூடம் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மூன்று முறை வெளிச்சம் அடித்தது. உடனே எழுந்து, தடியை மற்ற தடிகளோடு சாத்தி வைத்துவிட்டுத் தேநீர்த் தட்டை வாங்கிக்கொண்டாள். பிடியின் உறை அவள் நகம் பட்டு லேசாகக் கிழிந்திருந்தது.

பென்சன் மனுக்களை வாங்கச் சுவரோரம் ஒரு மேசை போட்டிருந்தார்கள். சிவசங்கர் என்ற இளைஞர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டரைக்கு மருத்துவருக்குச் சாப்பாடு கொடுக்க ராஜாம்பாள் மேடம் அலுவலக அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. சாமியம்மாள் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே குடும்ப அட்டையும் ஆதார் அட்டையும்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க."

சிவசங்கர் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"அறுபது முடிஞ்சிருக்கணும். உங்களுக்கு அம்பத்திரண்டுன்னு காட்டுது."

"அது தப்புங்க."

"யாரு தப்பா சொன்னது?"

"நாந்தாங்க." அவள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "அப்ப மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல இருந்தேங்க. கரி போற பெல்ட்டுக்கு அடியில சிந்தறத அள்ளிப் போடுற வேல. அம்பதுக்கு மேலன்னா கேட் பாஸ் கெடையாது, நாப்பத்தெட்டுன்னு சொல்லிடுன்னு மேஸ்திரி சொன்னாரு. அப்பதான் ஆதாருக்குப் போட்டோ புடிக்கறவங்க வயசு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

"இப்ப அந்த வேல?"

"காண்ட்ராக்ட் மாறுச்சிங்க. புது ஆளு எங்க பத்துப் பேர வாணாம்னுட்டாரு."

"நெசமா எத்தன வயசு உங்களுக்கு?"

அவள் வாயைத் திறக்கும் முன்பு மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அறுவத்தாறு!"

கூடம் முழுக்கத் திரும்பியது. வேணு வலது கையால் முன் நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுவத்தாறு தம்பி! எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. மொதக் கரி வெட்டி எடுத்தப்ப ஊரே போயி வேடிக்க பாத்துச்சு. எங்களுக்குப் பதினொண்ணு. ரெண்டு பேரும் மண்ணு மேட்டுல ஏறி நின்னு பாத்தோம். எழுதிக்க!"

"ஐயா, சும்மா இருங்க ஐயா" என்றாள் சாமியம்மாள். அவர் காதில் விழவில்லை.

"என் ரிட்டயர்மென்ட் ஆர்டர் வூட்டுல இருக்குது. என் மவன் மதிவாணன்கிட்ட சொல்லி எடுத்தாறச் சொல்றேன். அதுல தேதியே போட்டிருக்கான்."

"அது உங்க வயசுக்குங்க ஐயா" என்றார் சிவசங்கர். "அவங்களுக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கேனே. நான் சொல்றேனே."

"வாயால சொல்றத இதுல ஏத்த முடியாதுங்க. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இருந்தா ஆதார்ல மாத்திட்டு வரச் சொல்லுங்க. செய்துடலாம்."

"பள்ளிக்கூடமா? அவள எங்க பள்ளிக்கூடம் அனுப்புனாங்க? எங்க வயல்லதான நாத்து நட்டுக்கினு…"

வேணு நிறுத்திக்கொண்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை நழுவியது. புஷ்பவல்லி ஓடிப்போய் அவரை உட்காரவைத்தாள்.

அலுவலக அறைக் கதவு திறந்திருந்தது. ராஜாம்பாள் மேடம் கையில் சாம்பார்க் கரண்டியோடு நின்றார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"ஆயா, கொஞ்சம் உள்ள வாங்க."

அறையில் மருத்துவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் ராஜாம்பாள் அவளைப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே அழைத்துப் போனார். கொடியில் பதினாறு துண்டுகள் காய்ந்தன.

"அறுபத்தாறா?"

"கார்டுல அம்பத்திரண்டுங்க மேடம். நீங்கதான பாத்து எழுதிக்கினீங்க."

"கார்டு சரிதான். நாளைக்கு நீங்க ஒருத்தரத் தூக்கறப்ப ரெண்டு பேரும் விழுந்தீங்கன்னா கார்டு வந்து தூக்குமா? உதவியாளுக்கு அம்பத்தெட்டுக்கு மேல கூடாதுன்னு டிரஸ்ட்ல எழுதியே வெச்சிருக்காங்க. இன்சூரன்ஸ் கெடையாது."

"நான் யாரையும் வுட்டதில்லிங்க மேடம். ரெண்டு வருசத்துல ஒருத்தர வுட்டதில்ல."

"நான் இல்லன்னு சொல்லல ஆயா. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நானே கேக்காத மாதிரி இருந்திருப்பேன். நாலு பேரு வீட்டுலேந்து வந்தவங்க இருக்காங்க. எல்லார் முன்னாடியும் அவரு அவ்ளோ சத்தமா சொல்லிட்டாரு."

"அந்தப் பையன் அவரு சொன்னத ஏத்துக்கலிங்களே மேடம்."

ராஜாம்பாள் கொடியில் சரிந்திருந்த ஒரு துண்டை நேராக இழுத்து விட்டார்.

"அது அவங்க ஆபீசு. இது வேற."

"அப்பன்னா நான் போய்ச் சொல்லிடறேன்" என்றாள் சாமியம்மாள். "பென்சனுக்கு ஆசப்பட்டுப் பொய் சொன்னேன், அம்பத்திரண்டுதான்னு சொல்லிடறேன். ஐயாவுக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லிடலாம். எல்லார் எதுத்தாப்புலயும் சொல்றேன் மேடம்."

ராஜாம்பாள் அவள் காதோரத்தைப் பார்த்தார். சாமியம்மாள் முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

"இந்த மாசம் முடியற வரைக்கும் வாங்க ஆயா. தூக்கற வேலைய புஷ்பவல்லி பாக்கட்டும்."

கூடத்தில் சாப்பாடு நடந்தது. வேணுவுக்கு ஊட்டுவது எப்போதும் சாமியம்மாள்தான். கழுத்தில் துண்டைக் கட்டி, ரசம் சாதத்தைப் பிசைந்து வலது பக்கக் கன்னத்துக்குள் வைத்தாள். அவர் மெல்லவில்லை.

"முழுங்குங்க."

"என்னா சொன்னா அந்தம்மா?"

"ஒண்ணுமில்லிங்க."

"புஷ்பா சொல்லுச்சு." வேணுவுக்கு மெதுவாகப் பேச வராது. அன்று பேசினார். "நான் வாய வெச்சிகினு சும்மா இருந்திருக்கணும்."

"உள்ளதத்தான சொன்னீங்க." அவள் அவர் கடைவாயில் வழிந்த ரசத்தைத் துடைத்தாள். "என் வயசு தெரிஞ்ச ஆளுன்னு இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தருதான் பாக்கி. முழுங்குங்க, தொண்டையில நிக்கப் போவுது."

அவர் விழுங்கினார். இரண்டாவது கவளத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு முகாம் முடிந்தது. சிவசங்கர் மடிக்கணினியை மூடி, மனுக்களை நூலால் கட்டினார். சாமியம்மாளுடைய பெயர் அதில் ஏறவில்லை. கைத்தடிகளைக் கணக்குப் பார்த்தார்கள். முப்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து வாங்கியிருந்தார்கள். ஐந்து மீதி.

"மேடம், மீதிய வேணும்ங்கறவங்களுக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள் புஷ்பவல்லி.

"பட்டியல்ல இருக்கறவங்க கையெழுத்து வேணும்மா. ஆபீசுக்குத் திரும்பணும்" என்றார் சிவசங்கர். "ஆயா, இத ஜீப்ல வெச்சிடறீங்களா?"

சாமியம்மாள் ஐந்தையும் சேர்த்தெடுத்தாள். டிரைவர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார். ஒன்றின் பிடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏன் கிழிஞ்சிருக்கு? யாராச்சும் யூஸ் பண்ணீங்களா?"

"போட்டோவுக்குப் புடிச்சதுங்க."

"பாத்து எடுத்தாங்க. தரையில ஊனிடாதீங்க, அடியில ரப்பரு அழுக்காயிடும். புதுசுன்னு கணக்குக் காட்டணும்."

அவள் தடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்தபடி நடந்தாள். சுவர் படிக்கட்டோடு முடிந்தது. அங்கிருந்து ஜீப் வரைக்கும் சரளைக் கல் பரப்பிய வெளி, இருபது இருபத்தைந்து எட்டு இருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஐந்து தடிகளையும், அடி நுனி மண்ணில் படாதபடி, இரண்டு கையாலும் மார்போடு உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் கீழே வைத்தாள்.