பத்து மணிப் பரீட்சை

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மனைவியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார் அவர். உடம்பு எப்போதோ சில்லிட்டுப்போயிருந்தது. குளியலறைக் கதவு திறந்தது. மகள்.

"அம்மா இன்னும் எழுந்திரிக்கலையா?"

"ராத்திரி பூரா இருமல். இப்பத்தான் கண் அசந்தா. தூங்கட்டும்."

லிஃப்ட் மெக்கானிக் அவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "ரெண்டே நிமிஷம், பயப்படாதீங்க" என்று வெளியே நின்று புளுகிப் பழகிய குரல். இன்றைக்கும் பிசிறில்லாமல் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது அவருக்கு.

பத்து மணிக்குப் பரீட்சை. லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசிப் பேப்பர், மூன்றாவது தடவை. இதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். அவளுக்கு எழுத்து கண் வழியாக ஏறாது. எட்டாம் வகுப்பில் அதைக் கண்டுபிடித்தவள் அம்மாதான். அன்றிலிருந்து அம்மா வாசிக்க வாசிக்க, மகள் காதால் படித்தாள். "படிப்பு வராத கழுதைக்கு எதுக்குடி இந்தக் கூத்து?" என்று பத்து வருஷமாகக் கத்தியவர் அவர். நேற்றுகூடக் கத்தினார். இன்றுதான், முதல் தடவையாக, அந்தப் படிப்பின் பக்கம் நின்றார்.

"கடைசிப் பாடத்த இன்னொரு தடவ வாசிக்கிறேன்னு அம்மா சொன்னாளே!"

அவர் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலாக அவள் கத்தினாள்: "இன்னிக்கு ஒரு நாள் எழுந்திரிக்க முடியலல்ல உனக்கு? நல்லாத் தூங்கு!"

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் பார்த்திருந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு மச்சானுக்குப் போன் போட்டார்.

ஒன்றரை மணிக்கு, "அப்பா, எல்லாமே தெரிஞ்ச கேள்வி!" என்று படியிலிருந்தே கூவிக்கொண்டு வந்தவள், கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து நின்றாள். மாமா கையைப் பிடித்தார். உதறினாள்.

"எப்போ?"

பதினோரு மணிக்கு என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்தப் பொய் மட்டும் வரவில்லை.

"நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே."

"நான் திட்டிட்டுப் போனேன்பா."

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"உங்கள யார் கேட்டா?"

அம்மாவின் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"நல்லா எழுதினியாம்மா?"

"பாஸாயிடுவேன்," என்றாள், திரும்பாமல்.

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். அவளே எழுந்துபோய்க் குழாயடியில் வாளியை வைத்தாள். நிறைந்ததும், அவர் வந்து வாளியின் பிடியில் கை வைத்தார். அவள் தன் கையை எடுத்துவிட்டு, இன்னொரு வாளியைத் தேடிப் போனாள்.