வலப்பக்கம்

கிளப்பில் அவளுக்கு வலப்பக்கம் என்று பெயர். வைத்தது போன வருஷம். வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பல்கலைக்கழகத்தின் கால்நடை, குதிரை கிளப்புக்கு இரண்டு கொட்டகை. ஒன்றில் பதினோரு மாடு, சில ஆடுகள். எதிரே உள்ளதில் நான்கு குதிரை. நடுவில் ஒரு குழாய். சண்டையெல்லாம் குழாயடியில்தான். குதிரைக்காரர்கள் மாட்டுக்காரர்களைச் சாணி என்பார்கள். உங்கள் குதிரை தினம் எத்தனை லிட்டர் கொடுக்கிறது என்று மாட்டுக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். மற்றபடி இரண்டு தரப்பும் சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து அரியர் வைத்தார்கள், சேர்ந்தே போட்டிக்குப் போனார்கள்.

போட்டி வருஷத்துக்கு ஒரு முறை, ஆறு பல்கலைக்கழகங்களுக்குள். அதில் கடைசிச் சுற்று மாற்றுச் சுற்று. ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் மாட்டுக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத ஒரு குதிரையைக் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்ட வேண்டும். நடை, ஓட்டம், நிறுத்தம், நான்கு அடி பின்னால், கடைசியில் ஒரு திருப்பம். மொத்தமே இரண்டு நிமிஷம். நூறு மதிப்பெண்.

போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது ஒரு சாது. கட்டிப்போட்டால் மரம், அவிழ்த்துவிட்டால் நடக்கிற மரம். அவள் நேராக அதன் வலப்பக்கம் போய் நின்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா பால்காரி. வீட்டில் ஆறு மாடு. மாட்டின் வலப்பக்கம் உட்கார்ந்துதான் அம்மா கறப்பாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளும் அந்தப் பக்கம் போய்த்தான் பழக்கம். குதிரைக்கு எல்லாமே இடப்பக்கம். கிட்டே போவது, கயிறு மாட்டுவது, நடத்துவது, ஏறுவது. குதிரைகளும் அப்படியே பழகியவை. எதிர்பாராத பக்கத்திலிருந்து கை வந்ததும் அந்த மரம்கூட மிரண்டது. கயிறு கைநழுவியது. குதிரை மைதானத்தை ஒரு வலம் வந்து, விருந்தினர் மேஜையில் வைத்திருந்த பூச்செண்டைத் தின்றது.

ஒலிபெருக்கியில் நடுவர் காரணத்தை இரண்டு தடவை அறிவித்தார். "வலப்பக்கம். வலப்பக்கம்." மதிப்பெண் பூஜ்யம். கைக்கு எட்டிய கோப்பை போயிற்று. பெயர் ஒட்டிக்கொண்டது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்பாகக் கூப்பிட்டார்கள், அதுதான் உறுத்தியது. கேன்டீனில், பேருந்தில், தேர்வு அறை வாசலில். புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் காரணமே தெரியாமல் "வலப்பக்கம் அக்கா" என்றார்கள்.

இந்த வருஷம் மாற்றுச் சுற்றுக்கு யார் என்று கேட்டபோது அவள் கையைத் தூக்கினாள். வேறு கை எழவில்லை. கேப்டன் இறுதியாண்டு மாணவி, குதிரைக்காரி. பேச்சு குறைவு.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்க்கா."

கேப்டன் செயலாளரைப் பார்த்தாள். செயலாளருக்குச் சட்டம் என்று பெயர். விதிப்புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவன். பூஜ்யம் வாங்கியவர் மறுபடி வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்றான், கொஞ்சம் வருத்தத்தோடு.

அவள் இடது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டாள். ஆறு மாதம் தினமும் காலையில் நான்கு குதிரைகளையும் நடத்தினாள். சாயங்காலம் விடுதி வராந்தாவில் அறைத்தோழி குதிரையானாள், கழுத்தில் துண்டோடு. முதலில் சலித்துக்கொண்டவள் போகப் போக நடுநடுவே கனைத்தாள், கொள்ளு வரவில்லை என்று புகாரும் சொன்னாள். இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம். கதவைத் திறக்கும்போதும் நூல் கட்டிய கைதான் முன்னால் போனது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, பால் கறக்கச் சொம்போடு மாட்டின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மாடு ஓர் உதை விட்டது. சொம்பு வாசல்வரை உருண்டது.

"படிப்பு நல்லா ஏறுது போல" என்றாள் அம்மா.

போட்டி நாளன்று மாற்றுச் சுற்றுக்கு முன்னால் அவர்கள் கிளப் இரண்டாம் இடத்தில் இருந்தது. சட்டம் கணக்குப் போட்டுச் சொன்னான். எண்பது எடுத்தால் கோப்பை. எழுபத்தொன்பது எடுத்தால் கைதட்டல்.

குதிரைகள் போட்டி நடத்துகிற பல்கலைக்கழகத்தின் சொந்தக் குதிரைகள். பெயர்ச் சீட்டுகளை ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார்கள். அவள் பிரித்த சீட்டை எட்டிப் பார்த்த உள்ளூர் மாணவர்கள், அவள் படிப்பதற்குள் சிரித்துவிட்டார்கள்.

சீட்டில் மாமியார் என்று இருந்தது.

மாமியார் கருஞ்சிவப்பு நிறத்தில் உயரமான பெண் குதிரை. லாயத்துக்குப் பின்னால் சுவரோரம், வளையத்தில் நீளக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். லாயக்காரர் அதன் பெருமைகளைச் சொன்னார். மருத்துவரை ஒரு தடவை உதைத்திருக்கிறது. லாடம் அடிப்பவரை இரண்டு தடவை. துணைவேந்தரின் கார்க் கதவையும் விடவில்லை. எட்டு வருஷமாக இவர்தான் தீனி வைக்கிறார், இன்றைக்கும் கயிற்றில் கை வைத்தால் பல்லைக் காட்டும்.

"பேர் யாருண்ணே வெச்சது?" என்று கேட்டாள்.

"ஒரு வாத்தியார். புதுசா கல்யாணம் ஆனவரு."

பழகிக்கொள்ளப் பத்து நிமிஷம். அவள் பழகியபடி இடப்பக்கம் போனாள், மெதுவாக, கையைத் தாழ்த்தி. மாமியாரின் காது பின்னால் மடிந்தது. தலை சடாரென்று மேலே போனது. அவள் விலகியதால் உதை பக்கத்திலிருந்த வாளியோடு நின்றது. இரண்டாவது தடவை சட்டை தப்பவில்லை, தோள் தையல் பிரிந்தது. மூன்றாவது தடவை குதிரை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சட்டம் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான்.

ஐந்து நிமிஷம் போயிற்று. அவள் பின்வாங்கி நின்று மூச்சு வாங்கினாள். குதிரையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு தடவையும், அவள் விலகியதும் மாமியார் ஒரே காரியத்தைச் செய்தது. அரை வட்டம் திரும்பி, இடது விலாவைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் அடங்கியது. காது முன்னால் வந்தது.

இந்த நிற்பை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒத்தைக்கண்ணி என்று ஒரு பசு. கொம்புச் சண்டையில் ஒரு கண் போனது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும். சுவர் உதைக்காது, இழுக்காது. திடீரென்று வந்து தொடாது.

லாயக்காரரைக் கயிற்றை அவிழ்த்துக் குதிரையைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுவந்து, பிடித்துக்கொண்டு நேர் எதிரே நிற்கச் சொன்னாள். ஒரு குச்சியில் துண்டை மாட்டினாள். நான்கு அடி தள்ளி, சத்தமில்லாமல், வலப்பக்கம் தூக்கிக் காட்டினாள். தலை உடனே திரும்பியது. சுற்றிப் போய் இடப்பக்கம் காட்டினாள். மாமியார் அசையவில்லை. குச்சியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இமைகூட ஆடவில்லை. அந்தக் கண் தெளிவாக, அழகாக, பளபளவென்று இருந்தது.

லாயக்காரர் துண்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். 

அவள் வேலியிடம் ஓடி கேப்டனிடமும் சட்டத்திடமும் சொன்னாள். வலப்பக்கம் நின்று நடத்தினால் வரும் என்றாள். வலப்பக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே கேப்டன் கண்ணை மூடிக்கொண்டாள்.

விதி பதினேழு, என்றான் சட்டம். குறையுள்ள விலங்கானால் எந்தப் பக்கமும் நிற்கலாம், மதிப்பெண் குறையாது. ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சோதித்துப் பார்ப்பது சுற்று முடிந்த பிறகு. குறை இல்லை என்று தெரிந்தால் பொய் முறையீடு. சுற்று மட்டும் போகாது, கிளப்பையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கையில் இருக்கும் இரண்டாம் இடமும் கிடையாது.

"எட்டு வருஷமா இத்தனை டாக்டருங்க பார்க்காததை நீ அஞ்சு நிமிஷத்துல பார்த்துட்டியா?" என்றாள் கேப்டன்.

"அவங்க எல்லாரும் இடப்பக்கமாவே போனாங்கக்கா. கிட்ட போறதுக்குள்ள உதை. யாரு நின்னு கண்ணைப் பார்த்தா?"

கேப்டன் மைதானத்தைப் பார்த்தாள். முழு வருஷத்து உழைப்பும் அங்கே இருந்தது. பன்னிரண்டு பேருடையது. இடப்பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு நடத்தினால் நாற்பது ஐம்பது கிடைக்கும், இரண்டாம் இடம் பத்திரம். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் பழக்கத்தில் செய்த தப்பு. இந்த வருஷம் தெரிந்தே அதே பக்கம். இது பொய்த்தால் இன்னொரு பெயர் வைக்க வேண்டியிருக்காது. இதே பெயர் சாகும்வரை போதும்.

"கயிறு உன் கையில. நீ சொல்லு" என்றாள் கேப்டன்.

அவள் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டம் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தான்.

நடுவர் நரைத்த தலையோடு ஒரு கால்நடை மருத்துவர். போன வருஷம் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவரும் அவர்தான். காகிதத்தை ஒரு தடவை படித்தார். அவளை ஒரு தடவை பார்த்தார்.

"நீதானே அது?"

"நான்தான் மேடம்."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது.

அவள் வலப்பக்கத்திலிருந்து மைதானத்துக்குள் வந்ததும் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. யாரோ பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் வாய் வேறு வேலையாக இருந்தது. வீட்டு மாடுகளிடம் பேசுகிற அதே பேச்சு, அர்த்தமில்லாத, நிற்காத பேச்சு. வா தாயி, இப்படி வா, எங்கே போகப்போறே, நான் இங்கதான் இருக்கேன். மாமியாரின் வலது காது அவள் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது.

நடை. குளம்புகள் சீராக விழுந்தன. அவள் ஓடினாள், குதிரையும் ஓடியது, கயிறு தொங்கலாகவே இருந்தது. நில் என்றாள், நின்றது. நான்கு அடி பின்னால். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கோடு போட்ட மாதிரி. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

மிச்சம் திருப்பம். இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் மாமியாருக்கு ஒன்றுமே கிடையாது. மைதானம் இல்லை, வேலி இல்லை, ஆட்கள் இல்லை. குதிரை நின்றது. கழுத்து விறைத்தது. அவள் கயிற்றை இழுக்கவில்லை. கையைப் பிடரிக்கு மேலாக நீட்டி அந்தப் பக்கத்துக் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே பேசினாள். இங்கே சுவர் இல்லை தாயி, என் கை இருக்கு.

மாமியார் ஓர் அடி எடுத்து வைத்தது. இன்னோர் அடி. பிறகு இருட்டுக்குள் முழுதாகத் திரும்பியது, அவசரமே இல்லாமல்.

திரும்பி வந்து நின்றதும் மூக்கை அவள் சட்டை கிழிந்த தோளில் வைத்தது. 

நடுவர் இறங்கி வந்தார். வலப்பக்கம் நின்று சிறிய டார்ச்சை அடித்தார். வலது கண்ணின் கருமணி சுருங்கியது. அவள் கையை இடது கழுத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் வந்தார். அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார். கேப்டன் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தாள். சட்டம் கைக்குட்டையைக் கடித்தேவிட்டான்.

நடுவர் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியிடம் போனார். குதிரைக்கு இடது கண்ணில் பார்வை இல்லை என்றார். பல வருஷமாகவே இருக்காது என்றார். முறையீடு சரி. மதிப்பெண் தொண்ணூற்று மூன்று.  சிரிப்பில் சிக்கனமானவர், அதில் ஒரு துளியைச் செலவு செய்தார்.

"வலப்பக்கம்" என்றார். "வலப்பக்கம்."

அதற்குப் பிறகு மாட்டுக்காரர் யார், குதிரைக்காரர் யார் என்று தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் வேலியைத் தாண்டினார்கள். கேப்டன் அவளைத் தூக்கிச் சுற்றினாள். பேச்சு குறைந்த கேப்டன் அந்த ஒரு சொல்லையே விடாமல் கத்தினாள், தொண்டை கட்டும்வரை. உள்ளூர் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மைதானம் முழுக்க அந்தப் பெயர்.

லாயக்காரர் மட்டும் வரவில்லை. குதிரையின் வலப்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து நின்றார். மாமியார் அவர் சட்டைப் பையை முகர்ந்தது. பல்லைக் காட்டவில்லை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். அம்மா முழுக்கக் கேட்டாள். கோப்பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒத்தைக்கண்ணின்னா சுவத்தோரமா கட்டச் சொல்லு. தண்ணித் தொட்டியைக் கண்ணு தெரியற பக்கம் வைக்கச் சொல்லு."

அவள் போய் லாயக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் அப்போதே தொட்டியை நகர்த்த ஆரம்பித்தார்.

கோப்பையின் அடியில் மாற்றுச் சுற்றில் வென்றவரின் பெயரைப் பொறிப்பது வழக்கம். பொறிப்பவர் மேஜையில் காத்திருந்தார். சட்டம் பேனாவும் படிவமுமாக அவளிடம் வந்தான். முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு வேண்டும் என்றான்.

"வலப்பக்கம்னு போடு."

பட்டப்பெயர் கூடாது என்று விதி இருக்கிறதா என்று அவன் புத்தகத்தை எடுத்தான். பக்கங்களைப் புரட்டினான். கேப்டன் புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி மூடினாள். பொறிப்பவர் மிஷினை ஓடவிட்டார்.